விடைத்தாளைப் பார்க்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் தங்கள் நாளிதழில் வந்த அறிவுரைக் கட்டுரையைப் படித்தேன். துவளாதே, இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டு என்று இருந்தது. ஒட்டலாம், சுவர்தான் அழுக்காகும். மதிப்பெண் எங்கே போனது என்று கண்டுபிடிக்கும் வழியைக் கட்டுரை சொல்லவே இல்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். மணிக்கு இத்தனை பீஸ் என்று பலகையில் எழுதியிருக்கும். ஆனால் ஆல்டருக்கு, அதாவது பழுது திருத்தத்துக்குத் திரும்பும் பீஸைப் பார்த்தால்தான் லைன் எப்படி ஓடுகிறது என்பது தெரியும். பழுதுள்ள இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். எல்லா பீஸிலும் ஸ்டிக்கர் ஒரே இடத்தில், கழுத்துத் தையல் தோள் மூட்டைக் கடக்கும் இடத்தில் விழுந்தால், டெய்லரைத் திட்டிப் பயனில்லை. மெக்கானிக் வந்து, அந்தத் தையல் போடும் பேட்லாக் (ஃபிளாட்லாக்) மிஷினின் ஊசியையும், அடியில் நூலைக் கோக்கும் லூப்பரையும் பார்க்க வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்தால் கை தடுமாறுகிறது. "கவனமாகத் தையுங்கள்" என்று பொதுவாகச் சத்தம் போட்டு ஆல்டர் குறைந்ததை நான் பார்த்ததில்லை.

என் அக்கா மகன் கணிதத்தில் தோற்றான். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: கைப்பேசி, கிரிக்கெட், சேர்க்கை சரியில்லை. பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கினோம். சமன்பாடுகளைத் தீர்க்கும் கிராமரின் விதிக் கணக்கில் முறை தெரிந்திருக்கிறது. அணிக்கோவையை விரிக்கும்போது நடு உறுப்பின் கழித்தல் குறியை விட்டிருக்கிறான். விடை ஒத்துவரவில்லை. அடித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறான், மறுபடியும் அதே இடத்தில் அதே தவறு. நேரம் அதிலேயே போய், கடைசிப் பக்கங்கள் வெறும் தாள். 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழு, அதுவே 35.

அதன் பிறகு வைத்த இலக்கில் "அடுத்த முறை 80" என்றெல்லாம் இல்லை. தினமும் ஐந்து மதிப்பெண் கணக்கு சில, ஒவ்வொன்றும் கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். முடியாவிட்டால் கோடு போட்டுவிட்டு அடுத்தது. அந்த நேரத்தில் கைப்பேசி சமையலறையில், அக்காவின் காவலில். துணைத் தேர்வில் தேறினான். மதிப்பெண் பெரிதாக ஒன்றும் இல்லை. தெருவில் பிளக்ஸ் வைக்கிற அளவுக்கு நிச்சயம் இல்லை. (மாநில ரேங்க் அறிவிப்பை 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது, அவிநாசி சாலையில் பிளக்ஸ்தான் நின்றபாடில்லை.)

அடுத்த ஆண்டு முடிவு வரும் நாளில் தாங்கள் ஒன்று செய்ய வேண்டும். நகல் பெற எங்கே, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கமாக வெளியிடுங்கள். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடுமா என்பதற்காக மட்டும் நகல் வாங்குகிறார்கள். மதிப்பெண் ஏறாது என்று தோன்றினாலும், தவறு எங்கே என்று அறிய வாங்கிப் பார்க்கலாம் என்பதையும் எழுதுங்கள். விண்ணப்பிக்கத் தருகிற நாட்கள் சொற்பம். எங்கள் ஆட்கள் ஷிப்டு முடிந்து விசாரிப்பதற்குள் தேதி போய்விடுகிறது. காலையில் கம்பெனி வாசல் டீக்கடையில் தங்கள் நாளிதழைப் புரட்டுகிறவர்கள்தான் அவர்கள். முதல் பக்கத்தில் போட்டால் கண்ணில் படும்.

இப்படிக்கு,
செக்கிங் மேற்பார்வையாளர்,
பெருமாநல்லூர், திருப்பூர் மாவட்டம்.