இது எந்த யூனிட்ல வரும் மேம்?

அன்புள்ள சுமதிக்கு,

என்னடி, எப்படி இருக்க? உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு நல்லா திட்டிருப்ப, திட்டிக்கோ. இங்க அம்மாவுக்கு ரெண்டாவது கண்ணுலயும் புரை ஆபரேஷன் முடிஞ்சு இப்ப சீரியல்ல யாரு எவ்ளோ பவுடர் போட்டிருக்கான்னு வரைக்கும் சொல்றாங்க. சின்னவ ஆறாவது போயிட்டா. ஸ்கூல்ல ரெட்டை ஜடை கட்டாயமாம், அதனால காலைல ஏழரை மணின்னாலே நம்ம வீட்ல யுத்தம்தான்.

"இன்னும் அந்த குவாண்டம் எல்லாம் படிக்கிறியா, இல்ல என்னை மாதிரி நீயும் லெட்ஜரோட செட்டில் ஆயிட்டியா"ன்னு கேட்டிருந்த. படிக்கிறேன்டி, பேப்பர் திருத்துற நேரம் போக மிச்சம் இருக்கிறதுல. இந்த லீவு முழுக்க எஃபிமோவ்னு ஒரு ஆளு பின்னாடியே சுத்திக்கிட்டு இருந்தேன். உன்கிட்ட சொல்லலன்னா எனக்கு வேற யாரு இருக்கா, வீட்டுக்காரர்கிட்ட ஆரம்பிச்சா அஞ்சாவது நிமிஷம் மோட்டர் போடணும்னு எந்திரிச்சுப் போயிடறார்.

விஷயம் இதான். 1970, லெனின்கிராட். விட்டாலி எஃபிமோவ், முப்பது வயசு தாண்டின நியூக்ளியர் தியரி ஆளு. ரெண்டு துகள் இருக்கு, அதுங்களுக்குள்ள ஈர்ப்பு இருக்கு, ஆனா ஒட்டுறதுக்கு ஒரு நூல் அளவு பத்தல. சரி, ரெண்டே ஒட்டலன்னா மூணாவது ஒன்னு வந்து என்ன ஆகப் போகுதுன்னுதான நாம நினைப்போம்? அவர் கணக்கு போட்டா மூணும் சேர்ந்து ஒட்டுது. அதுவும் ஒரு விதமா இல்ல, முடிவே இல்லாத படிக்கட்டு மாதிரி வருது. ஒரு கூட்டு ஒரு சைஸ்னா அடுத்தது அதை விட 22.7 மடங்கு பெருசு, அதுக்கடுத்தது அதை விட 22.7 மடங்கு, பிடிப்பு மட்டும் படிக்குப் படி 515 மடங்கு குறைஞ்சுகிட்டே போகும். அப்ப நிறைய பேரு நம்பலையாம். நானா இருந்தாலும் நம்பிருக்க மாட்டேன்.

எப்படின்னா, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நடக்கிற கல்யாணத் தரகர் இருக்கார்ல, அந்த மாதிரி மூணாவது துகள் மத்த ரெண்டுக்கும் இடையில போய்ப் போய் வருது. அந்த ரெண்டும் நேரடியா பேசுற தூரத்துலயே இல்ல, ஆனா இவர் நடையால சம்பந்தம் நடக்குது. அந்த நடையால வர்ற பொட்டென்ஷியல், அதாவது ஈர்ப்போட ஆற்றல், தூரத்தோட வர்க்கத்துக்கு எதிர்விகிதமா இருக்கு, அதுக்குத் தனக்குன்னு ஒரு அளவு கிடையாது பாரு, அதான் படிக்கட்டு ஒரே விகிதத்துல ஏறுது. சைன்ஹெச்சும் காஸ்ஹெச்சும் வர்ற ஒரு சமன்பாடு, அதை எக்ஸெல்ல போட்டு ராத்திரி பதினோரு மணிக்கு தீர்த்தேன். 1.00624னு ஒரு எண் வந்துச்சு. π-யை (3.14) இதால வகுத்து e-க்கு (2.718) அடுக்காப் போட்டா டக்குனு 22.7. தனியா உக்காந்து கைத்தட்டினேன்டி, அம்மா முழிச்சுக்கிட்டு என்னாச்சுன்னாங்க.

ஜடை விஷயத்துக்கு வர்றேன். முடியை ரெண்டா பிரிச்சு முறுக்கினா கையை எடுத்ததும் அவுந்துடும், மூணு கால் எடுத்துப் பின்னினாதான் நிக்கும். ஒரு நாள் பின்னும்போது சும்மா ஒரு காலை மட்டும் உருவிப் பாத்தேன், மத்த ரெண்டும் பொலபொலன்னு தனித்தனியா விழுந்துடுச்சு, ஒன்னை ஒன்னு சுத்திக்கவே இல்ல! இத்தனை வருஷமா பின்றோம், கவனிச்சிருக்கோமா? ஆறு தடவை மாத்தி மாத்திப் போட்டு நுனியை ஆரம்பத்தோட சேர்த்துட்டா அதான் போரோமியன் வளையம், மூணுல எதை அறுத்தாலும் மத்த ரெண்டும் பிரிஞ்சிடும். இந்த மாதிரி அணுக்கருவுக்கும் அந்தப் பேருதான், லித்தியம் 11 தெரியும்ல, புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்து பதினொன்னு இருக்கிற லித்தியம், 1985ல தனிஹாட்டா குரூப் பெர்க்லில அளந்து அது எதிர்பார்த்ததை விட ரொம்ப பெருசுன்னு சொன்னாங்களே. உள்ள லித்தியம் 9, வெளிய ரெண்டு நியூட்ரான் ஒளிவட்டம் மாதிரி. ஒரு நியூட்ரானை எடுத்துட்டா லித்தியம் 10, அது நிக்காது, ரெண்டு நியூட்ரான் மட்டும்னா அதுவும் நிக்காது. ஆனா இதை எஃபிமோவ் கூட்டுன்னு சொல்லிட முடியாது, அந்தப் படிக்கட்டு இதுல இல்ல. (சின்னவ அன்னைக்கு ஸ்கூலுக்கு லேட், டைரில எழுதி அனுப்பிட்டாங்க.)

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இனிமேதான். அவர் கணக்கு போட்டது அணுக்கருவுக்கு. ஆனா அணுக்கருவுல அது சரியா மாட்டல. நியூட்ரான் புரோட்டான் ஸ்கேட்டரிங் லெங்த், அதாவது மெதுவா மோதும்போது ஒன்னு இன்னொன்னுக்கு எவ்ளோ பெருசாத் தெரியுதுங்கிற அளவு, அதிகபட்சம் 23.7 ஃபெர்மிதான் (ஃபெர்மின்னா அணுக்கரு அளவுக்குச் சின்ன நீளம்), விசையோட ரேஞ்ச் ஒன்னு ரெண்டு ஃபெர்மி. விகிதம் பத்துக்குப் பக்கத்துல. ஒரு படி ஏறவே 22.7 மடங்கு இடம் வேணும்னா எங்க போறது? அதிகபட்சம் டிரைட்டானை (ஒரு புரோட்டான், ரெண்டு நியூட்ரான்) முதல் படின்னு சொல்லிக்கலாம், அவ்ளோதான், மாடிக்குப் போக வழி இல்ல. அதோட புரோட்டான் ரெண்டு வந்துட்டா மின்விலக்கம் வேற வந்து காரியத்தைக் கெடுக்கும். அப்படியே கிடந்துச்சு 36 வருஷம்.

2006ல ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ரக்ல ருடால்ஃப் கிரிம் குரூப், சீசியம் அணுக்களை 10 நானோகெல்வினுக்குக் குளிர வச்சாங்க, அதாவது ஒரு கெல்வினை பத்து கோடியா கூறு போட்டா அதுல ஒரு பங்கு. அங்க காந்தப்புலத்தை லேசா மாத்தினா போதும், ரெண்டு அணுவுக்கு இடையில இருக்கிற ஸ்கேட்டரிங் லெங்த்தை இஷ்டத்துக்குத் திருகலாம், ரேடியோல ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி. அதுக்கு ஃபெஷ்பாக் ரெசனன்ஸ்னு பேரு, வேடிக்கை என்னன்னா ஃபெஷ்பாக்கும் 1958ல அதை நியூக்ளியர் ரியாக்ஷனுக்காகத்தான் எழுதினார். காந்தப்புலம் ஏழரை காஸ் (காந்தப்புலத்தை அளக்கிற அலகு) பக்கம் வந்தப்ப அணுக்கள் திடீர்னு கூட்டமா காணாம போச்சு. மூணு சேர்ந்து, ரெண்டு கெட்டியா ஒட்டிக்கிட்டு, அந்த எனர்ஜில மூணாவது எகிறி, எல்லாமே அணுக்களை அடைச்சு வச்ச பொறியை விட்டு வெளிய போயிடுது. அந்தக் காணாம போன கணக்குதான் சாட்சி. ஏழரைன்னதும் உங்க அத்தை ஞாபகம் வந்துச்சு எனக்கு, சனிப்பெயர்ச்சி ஞாபகமும். அப்புறம் 2014ல அதே ஊர்ல அடுத்த படியையும் பிடிச்சிட்டாங்க, விகிதம் 21 பக்கம் வந்துச்சு.

இதோட விட்டுச்சா? 2013ல நிஷிதா, காட்டோ, பாட்டிஸ்டான்னு மூணு பேரு (மூணு பேரேதான்!) இதே படிக்கட்டு காந்தத்துலயும் வரும்னு கணக்கு எழுதினாங்க. அங்க துகளே கிடையாதுடி. காந்தத்துக்குள்ள எல்லா ஸ்பின்னும் (ஒவ்வொன்னையும் ஒரு குட்டிக் காந்த முள்ளுன்னு வச்சுக்கோ) ஒரே பக்கம் பாத்து நிக்கும்போது ஒன்னு மட்டும் திரும்புது, அந்தத் திரும்பல் அலை மாதிரி நகருது, அதான் மேக்னான். ரெண்டு மேக்னான் ஒட்டியும் ஒட்டாத மாதிரி அந்தக் காந்தத்தோட அனிசோட்ரோபி, அதான் திசைக்குத் திசை மாறுற குணம், அமைஞ்சிட்டா, மூணு மேக்னானுக்கு அதே 22.7. இல்லாத துகளுக்கு இருக்கிற படிக்கட்டு!

ஜூன்ல காலேஜ் திறந்ததும் எம்.எஸ்சி பசங்களுக்கு இதை ஒரு மணி நேரம் எடுத்தேன். ஜடைக்கு பதிலா மூணு கலர் கயிறு. எக்ஸெல்லையும் ப்ரொஜெக்டர்ல போட்டேன், நல்லாதான் போச்சு. கடைசில முதல் பெஞ்ச்ல ஒருத்தி கை தூக்கினா, நான் ஆசையா பாக்கிறேன், "மேம், இது எந்த யூனிட்ல வரும்?" அவளைக் குத்தம் சொல்லல, நாம மட்டும் என்ன, பரீட்சைக்கு முந்தின ராத்திரி இதே கேள்விதான கேட்டோம். நியூக்ளியர் ஒரு பேப்பர், அட்டாமிக் ஒரு பேப்பர், சாலிட் ஸ்டேட் ஒரு பேப்பர், மூணுக்கும் மூணு டீச்சர், ஒருத்தர் வகுப்புல இன்னொருத்தர் எட்டிப் பாக்க மாட்டோம். எஃபிமோவ் கணக்குல துகள் பேரே வராது, ஸ்கேட்டரிங் லெங்த் மட்டும்தான் வரும். நியூக்ளியர்னு முத்திரை குத்தினது அவர் உக்காந்திருந்த டிபார்ட்மெண்ட். இதை ஸ்டாஃப் ரூம்ல சொன்னேன். டீ குடிச்சுகிட்டே "மேடம், முதல்ல போர்ஷனை முடிங்க"ன்னாங்க. எனக்குக் கோபம் வந்துச்சு, ஆனா நிஜமாவே போர்ஷன் முடியல, அதனால பேசாம வந்துட்டேன்.

சாயங்காலம் அந்தப் பொண்ணே தேடிக்கிட்டு வந்தா, 22.7 எல்லாத்துக்கும் ஒன்னா மேம்னு. இல்லம்மா, மூணும் ஒரே எடையா இருந்தாதான், லித்தியம் ஒன்னு சீசியம் ரெண்டுன்னா 4.9 வரைக்கும் இறங்கும், படி பக்கம் பக்கமா வரும்னேன். "அப்ப தரகர் ஒல்லியா இருந்தா வேலை சீக்கிரம் நடக்கும்"ன்னா. இவ தேறுவா.

சரி, ஒரு வேலை உனக்கு. செகண்ட் இயர்ல நீ எழுதின ஸ்கேட்டரிங் நோட்ஸ், பச்சை அட்டை, பக்கத்துக்குப் பக்கம் காபி கறை, அது உங்க வீட்டுப் பரண்லதான் இருக்கணும். என்னோடது கரையான் தின்னுடுச்சு. ஃபேஸ் ஷிஃப்ட் போடுற பக்கம் மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும், முழுசா கொரியர் பண்ணா இன்னும் நல்லது. அண்ணனைக் கேட்டதா சொல்லு. பெரியவனுக்கு கவுன்சிலிங் எப்பன்னு எழுது.

உன்,
மல்லிகா