'காண்க' கார்டு

பெரம்பூர், சென்னை

அன்புள்ள கயல்,

"பொறுப்பைத் தலையில கட்டிட்டாங்கம்மா, எனக்கு ப்ராஜெக்ட் நடத்தவே தெரியாது" என்று நேற்று போனில் சொன்னாய். ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

ஒரே பட்டியலை ஒருவர் 'கஸ்டமர் மாஸ்டர்' என்கிறார், இன்னொருவர் 'க்ளையன்ட் ஷீட்' என்று தனியாகத் திருத்துகிறார் என்றாயே, 28 வருஷம் கல்லூரி நூலகத்தில் கேட்டலாக் போட்ட எனக்கு அது பழகின குழப்பம்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவன் புதுமைப்பித்தன் கேட்டு வந்தான். ஆசிரியர் பெயர் வரிசையில் புத்தகத்துக்கு ஒரு கார்டு வைப்போம்; 'பு' டிராயரில் இரண்டே கார்டு. "அவ்வளவுதானா மேடம்?" என்று போய்விட்டான். நன்கொடையாக வந்த ஏழு புத்தகங்களுக்கு யாரோ இயற்பெயரில் கார்டு போட்டு 'வி' டிராயரில் வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பையன் திரும்பி வரவேயில்லை. இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

அன்று சாயங்காலமே ஒன்பதையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்தேன். 'வி' டிராயரில் ஒரு கார்டு மட்டும் விட்டேன்: "விருத்தாசலம், சொ. காண்க: புதுமைப்பித்தன்."

திங்கட்கிழமை முதல் வேலையாக இதைச் செய். எல்லோரையும் உட்கார வைத்து ஒரே பெயரை முடிவு பண்ணு. மற்ற பெயர்களுக்குப் பக்கத்தில் 'காண்க' போடு. பழைய பெயரைச் சொல்கிறவர்களைக் கடிந்துகொள்ளாதே. அந்தக் கார்டே அவர்களுக்காகத்தான்.

நம்ம சீர்காழி ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். புத்தகங்களை வகைபிரிக்க 1933-ல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையைப் பின்னாளில் வளர்த்தபோது, ஒரு பொருளை வகைப்படுத்த ஐந்து பக்கமாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்: எது, எதனால் ஆனது, என்ன செயல், எங்கே, எப்போது. உன் வேலைப் பட்டியல் ஷீட்டில் 'டேட்டா வேலை' என்று ஒரு வரி இருந்தால் அதையும் இப்படிப் பிரி. எந்தப் பட்டியல், அதில் எந்தக் கலம், சரிபார்ப்பதா திருத்துவதா, எந்தக் கிளைக்கு, எந்தத் தேதிக்குள். ஐந்துக்கும் பதில் வராத வேலையை யாரிடமும் கொடுக்காதே, அது உன்னிடமே திரும்பி வரும்.

இன்னொன்று. கைவிட்ட வேலையை ஷீட்டிலிருந்து அழித்துவிடாதே. நூலகத்துக்கு வருகிற ஒவ்வொரு புத்தகத்தையும் வரிசை எண் போட்டுப் பதிகிற அக்செஷன் ரிஜிஸ்டரில், தொலைந்த புத்தகத்தின் எண்ணை வேறு புத்தகத்துக்குத் தரமாட்டோம். குறிப்புக் கலத்தில் காரணமும் தேதியும் சிவப்பு மையில் எழுதுவோம். நீயும் அப்படியே எழுதி வை. ஆறு மாதம் கழித்து "இதை ஏன் விட்டோம்?" என்று யாராவது கேட்பார்கள்.

அந்த 'காண்க' கார்டு, கம்ப்யூட்டர் வந்தபோது கழித்துப் போட்ட கார்டுக் கட்டுக்குள் கிடந்தது, எடுத்து வைத்திருக்கிறேன். அடியில் கம்பி கோக்கிற ஓட்டை மட்டும் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. பருப்புப் பொடியோடு கூரியரில் அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா