மாலை வகுப்புக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் நம் ஊர்ப் பள்ளியில் நடந்த மாலை வகுப்பு முடிந்து, தேர்வும் எழுதியாயிற்று. பதிவேட்டில் தன்னார்வலர் என்று என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அது சரியில்லை என்பதால்தான் இந்த மடல்.

முதல் நன்றி தலைமையாசிரியருக்கு. வகுப்பு 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. ஆனால் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு எந்தத் தாய் வருவார்? "கூட்டிக்கொண்டே வரச் சொல்லுங்கள்" என்றார் சார். அதற்கப்புறம்தான் வகுப்பு களைகட்டியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அம்மாவின் கையைப் பிடித்து 'ழ' போடச் சொல்லிக்கொடுத்தார்கள். மிரட்டலும் உண்டு! வீட்டுப்பாடத்துக்கு உட்கார மறுத்த பையன்கள்கூட அம்மாவுக்குப் போட்டியாக உட்கார்ந்தார்கள். நான் தனியாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது.

அந்த நேரத்தில் உலை வைத்துச் சோறு வடித்த அப்பத்தாக்களுக்கும், முணுமுணுத்தாலும் தடுக்காத அண்ணன்களுக்கும் நன்றி.

1991-இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் பழகி, ஊர் ஊராகப் போய் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அக்கா ஒருவர் நம் தெருவில் இருக்கிறார். வீடு வீடாக வந்து ஆள் சேர்த்தது அவர்தான். அன்று கையெழுத்துப் பழகி, பிறகு படிக்க எதுவும் கிடைக்காமல் எழுத்தே மறந்துபோனவர்களையும் அவரே தேடிப் பிடித்து அழைத்துவந்தார்.

படித்ததும் வறுமை ஓடிவிடும் என்று சொல்ல மாட்டேன். கூலி அதே கூலிதான். ஆனால் வாரக் கடன் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்து, கட்டிய ஒரு தவணை வரவில் ஏறவில்லை என்று ஒரு தங்கை கண்டுபிடித்துக் கேட்டாள். மறுவாரமே பதிந்து கொடுத்தார்கள். ரேகை வைத்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பணம் போனது போனதுதான்.

கடைசியாக, ஊர்ப்புற நூலகருக்கு நன்றி. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார். தாயும் பிள்ளையும் சேர்ந்தே போய் உறுப்பினர் ஆகிக்கொள்ளலாம். படிவம் நிரப்பத் தயங்குகிறவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள். நிரப்புவது நீங்கள்தான், நான் பக்கத்தில் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் மாலை வகுப்புத் தன்னார்வலர்