நிலவைப் பார்த்து நாள் குறியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஆண்டுகளில் 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களைப் பலமுறை வானியல், அறிவியல் மையங்களுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில், இத்தகைய பயணங்களைத் திட்டமிடும் பள்ளிகளுக்கும் அவர்களை வரவேற்கும் மையங்களுக்கும் ஒரு வேண்டுகோளை உங்கள் நாளிதழ் வழியாக வைக்க விரும்புகிறேன். பேருந்து கிடைக்கும் நாளையோ தேர்வு முடியும் நாளையோ பார்த்துப் பயண நாளைக் குறிக்காதீர்கள். வானத்தைப் பார்த்துக் குறியுங்கள். அங்கே போன பிறகு, பார்ப்பதற்குப் பிள்ளைகளுக்கு நேரம் கொடுங்கள்.

இப்போது பெரும்பாலான பயணங்கள் எப்படி நடக்கின்றன என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்ததுதான். காலை பத்து மணிக்குப் பேருந்து வந்து நிற்கும். மதியத்துக்குள் நான்கு கூடங்கள், ஒரு முப்பரிமாணப் படம், ஒரு கோளரங்கக் காட்சி ஆகிய அனைத்தையும் முடித்தாக வேண்டும். நான் பொறுப்பேற்றுச் சென்ற ஒரு பயணத்தில் தொண்ணூறு மாணவர்களுக்கு ஒரே வழிகாட்டி இருந்தார். ஒவ்வொரு கூடத்திலும் பத்து நிமிடம் ஆனதும் அவர் விசில் ஊதினார். நாங்கள் தயாரித்துக் கொடுத்திருந்த பணித்தாளில் நாற்பது கேள்விகள். விடைகளெல்லாம் காட்சிப்பொருள்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பலகைகளில் இருந்தன. பிள்ளைகள் பலகைகளைப் பார்த்து எழுதினார்களே தவிர, பக்கத்தில் இருந்த பொருளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாடியில் இருந்த தொலைநோக்கி உறை போட்டு மூடிக் கிடந்தது. பகல் பதிவுக்கு அது கிடையாது என்றார்கள். திரும்பும் வழியில் பணித்தாள்களை வாங்கிப் புரட்டினேன். தொண்ணூறு தாள்களிலும் ஏறத்தாழ ஒரே வாக்கியங்கள். அதில் மையத்தின் குறையைவிட, நாற்பது கேள்விகளை எழுதிக் கொடுத்த என் குறையே பெரிது.

அடுத்த ஆண்டு முப்பது பேரை மட்டும், ஒரு மாலை நேரத்தில், வேறொரு மையத்துக்கு அழைத்துச் சென்றேன். அங்கே மோட்டார் பொருத்தப்படாத ஒரு சிறிய தொலைநோக்கியைச் சனிக் கோளின் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “டீச்சர், உள்ளே படம் ஏதும் ஒட்டியிருக்காங்களா?” என்று கேட்டாள். வளையம் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததால் எழுந்த, மிகவும் நியாயமான சந்தேகம் அது. நான் பதில் சொல்லாமல், தொலைநோக்கியைத் தொடாமல் தொடர்ந்து பார்க்கச் சொன்னேன். சனி மெல்ல நகர்ந்து, ஒரு நிமிடத்துக்குள் வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி மறைந்தது. “ஓடிப்போச்சு டீச்சர்” என்றவள், வழிகாட்டி குழாயைத் திருப்பி அதைக் கொண்டுவந்து நிறுத்தியதும் மறுபடியும் பார்த்தாள். மறுபடியும் அது நழுவியது. மூன்றாவது முறை நிமிர்ந்து, “இல்ல, நாமதான் ஓடுறோம்” என்றாள்.

பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்பது அவள் சிறு வகுப்பிலேயே படித்து, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிய செய்திதான். பூமி மணிக்கு 15 பாகை திரும்புகிறது. ஆகவே அரைப் பாகை அகலமே தெரியும் தொலைநோக்கியில், ஒரு விண்மீனோ கோளோ ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக ஏறத்தாழ இரண்டே நிமிடம் போதும் என்ற கணக்கை அவள் அன்று இரவே போட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை இல்லாததால்தான், யாரும் விசில் ஊதாததால்தான், அவளால் மூன்று முறை பார்க்க முடிந்தது. கலிலியோவுக்கே முதல் பார்வை போதவில்லை. 1610-இல் சனியைப் பார்த்த அவர், நடுவில் ஒரு பெரிய உருண்டையும் இருபுறமும் இரண்டு சிறிய உருண்டைகளும் இருப்பதாக நினைத்தார். அது வளையம் என்று டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1659-இல் நூலில் விளக்கும் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்தது. அப்படிப்பட்ட காட்சிக்கு நாம் ஒரு மாணவருக்குப் பத்து விநாடி கொடுக்கிறோம்.

நாள் குறிப்பதற்கு வருகிறேன். தொலைநோக்கியில் நிலவைக் காட்டப் பௌர்ணமிதான் சிறந்த நாள் என்று பல பள்ளிகள் எண்ணுகின்றன. உண்மையில் அதைவிட மோசமான நாள் கிடையாது. முழு நிலவன்று சூரிய ஒளி நம் பக்கத்திலிருந்து நேராக நிலவின் மேல் விழுவதால் அங்கே நிழல்களே தெரியாது. கண் கூசும் ஒரு வெள்ளைத் தட்டுதான் தெரியும், அந்த வெளிச்சத்தில் சுற்றியுள்ள விண்மீன்களும் மங்கிவிடும். வளர்பிறையின் ஏழாம் அல்லது எட்டாம் நாள், அதாவது அரைநிலவு நாள், இதற்கு நேர்மாறானது. சூரியன் மறையும் வேளையில் நிலவு உயரத்தில் நிற்கும். நள்ளிரவை ஒட்டித்தான் மறையும். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் சூரிய ஒளி சாய்வாக விழுவதால், கிண்ணக்குழிகளின் விளிம்புகளும் மலைகளின் நிழல்களும் செதுக்கி வைத்ததுபோல் தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டி இருட்டுப் பகுதிக்குள் சில வெளிச்சப் புள்ளிகள் தனியே மின்னும். அடிவாரம் இருட்டில் இருக்க, சிகரத்தில் மட்டும் சூரியன் பட்டுவிட்ட மலைகள் அவை. இதை வைத்தே கலிலியோ நிலவின் மலைகளுடைய உயரத்தைக் கணக்கிட்டார். அந்தக் கணக்கு ஒன்பதாம் வகுப்பு வடிவியலுக்குள் அடங்கும்.

நிலவின் நடுக்கோட்டில் இந்த ஒளி எல்லை மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. மாலை ஆறரை மணிக்கு ஒரு முறையும் எட்டரை மணிக்கு ஒரு முறையும் அதே பகுதியைப் பென்சிலால் வரையச் சொன்னால், இரண்டாவது படத்தில் முன்பு இல்லாத ஒரு புள்ளி சில மாணவர்களுடைய தாளில் இருக்கும். அதைத் தன் படத்தில் கண்டுபிடித்த மாணவர், வேறோர் உலகத்தில் சூரியன் உதிப்பதைப் பார்த்திருக்கிறார். நாற்பது கேள்விகள் கொண்ட பணித்தாளுக்குப் பதில் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மாலையில் போக வழியில்லாத பள்ளிகளும் உண்டு. தூரம், பாதுகாப்பு, பெற்றோரின் தயக்கம் ஆகியவை மெய்யான காரணங்கள், அவற்றை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பகலில் தொலைநோக்கிக்கு வேலை இல்லை என்பது சரியன்று. தொலைநோக்கியின் முன்பக்கத்தில், சூரியனுக்கென்றே செய்யப்பட்ட வடிகட்டியை முழுமையாகப் பொருத்தினாலோ, சிறிய தொலைநோக்கி வழியே சூரியனின் பிம்பத்தை ஒரு வெள்ளை அட்டையில் விழச் செய்தாலோ, சூரியப் புள்ளிகளைப் பாதுகாப்பாகக் காட்டலாம். கண் வைக்கும் முனையில் செருகும் சிறு வடிகட்டிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது; குவிந்த வெப்பத்தில் அவை விரிசல் விட்டால் நொடியில் பார்வை பறிபோகும். அட்டையில் விழுந்த புள்ளிகளை வரைந்துகொண்டு வந்த மாணவர்கள், அடுத்த சில நாள்களில் மையம் எடுக்கும் படங்களோடு அவற்றை ஒப்பிட்டால் சூரியனும் சுழல்வதைத் தாங்களே கண்டுகொள்வார்கள். பூமியிலிருந்து பார்க்கும்போது ஒரு சுற்றுக்கு அதற்கு ஏறத்தாழ 27 நாள்கள் ஆகின்றன.

உள்ளே இருக்கும் காட்சிப்பொருள்களுக்கும் நேரம்தான் உயிர். பல மையங்களின் நுழைவுக் கூடத்தில், பூமி சுழல்வதைக் காட்டும் ஃபூக்கோ ஊசல் தொங்குகிறது. 1851-இல் பாரிஸின் பாந்தியோன் மண்டபத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டியபோது, அது ஆடும் திசை மணிக்கு ஏறத்தாழ 11 பாகை திரும்பியது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்தத் திருப்பம் குறைந்துகொண்டே போய், நிலநடுக்கோட்டில் இல்லாமலே போகிறது. ஆகவே ஐந்து நிமிடம் நின்று பார்க்கும் மாணவருக்கு ஏதோ குண்டு ஆடுகிறது என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. உள்ளே நுழையும்போது ஊசல் ஆடும் திசையைத் தரையில் குறித்துவைத்து, புறப்படும் முன் மீண்டும் வந்து பார்க்கும்படி செய்தால் போதும், வழிகாட்டியின் விளக்கமே தேவைப்படாது.

கோளரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1923-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒளியியல் கருவிகள் செய்யும் ட்சைஸ் நிறுவனத்தின் கருவி முதன்முதலாகக் குவிமாடத்துக்குள் செயற்கை வானத்தைக் காட்டியபோது, அதன் சிறப்பு வானத்தின் அசைவைச் சில நிமிடங்களுக்குள் சுருக்கிக் காட்டியதில் இருந்தது. இன்று பல இடங்களில் அந்தக் குவிமாடம் பெரிய திரைப்பட அரங்காகிவிட்டது. பின்னணி இசையோடு விண்மீன் மண்டலங்களுக்குள் பறந்துவிட்டு வெளியே வரும் மாணவருக்கு, அன்றைய வானத்தில் ஒரு விண்மீனையும் அடையாளம் காட்டத் தெரிவதில்லை. பதிவு செய்த படத்துக்குப் பதிலாக, ஒருவர் நேரில் நின்று இன்றிரவு வானத்தைக் காட்டிப் பேசும் காட்சியைக் கேட்டு வாங்குங்கள். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். குவிமாடத்திலிருந்து நேராக மொட்டைமாடிக்குப் போனால் அந்தப் பழக்கம் வீணாகாது, வழியில் யாரும் கைபேசியைத் திறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

ஏமாற்றத்துக்கும் பிள்ளைகளைத் தயார்படுத்த வேண்டும். படங்களில் சிவப்பும் நீலமுமாகப் பார்த்துப் பழகிய ஓரியன் நெபுலா என்ற விண்வெளி வாயு மேகம், தொலைநோக்கியில் சாம்பல் நிறப் புகைபோல்தான் தெரியும். “இவ்வளவுதானா?” என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கண்டிக்காமல், மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறம் அறியும் செல்கள் வேலை செய்வதில்லை, கேமராவைப் போல நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்துவைக்கவும் கண்ணால் முடியாது என்று உள்ளதைச் சொல்லுங்கள். அந்தப் புகையை நேராகப் பார்க்காமல் சற்று ஒதுக்கிப் பார்த்தால் அது இன்னும் தெளிவாகத் தெரிவதும் இதனால்தான்: விழித்திரையின் நடுவைவிட ஓரத்துக்கே மங்கலொளியை உணரும் திறன் அதிகம். ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி தன் கண்ணிலேயே வந்து முடிகிறது என்று அறிந்த பின், அதே மாணவர் மறுபடியும் வரிசையில் போய் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதின்ம வயதினரை நான் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எட்டு வயதில் ஓயாமல் கேள்வி கேட்ட குழந்தை, பதினான்கு வயதில் மற்றவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறது. இருட்டில் அந்தக் கூச்சம் குறைகிறது. யார் கேட்டது என்று யாருக்கும் தெரியாது. வகுப்பறையில் ஓராண்டு முழுவதும் கேட்காத கேள்விகளை ஒரே இரவில் மொட்டைமாடியில் கேட்டிருக்கிறேன். அதே வயதில் அவர்களுக்குப் பொறுப்பு கொடுத்தாலும் மலர்ந்துவிடுகிறார்கள். ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் கூடத்தில், பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்ல உயர்நிலைப் பள்ளி மாணவர்களையே அமர்த்தினார்கள். நம் மையங்களும், வந்து போன மாணவர்களில் விருப்பமுள்ளவர்களை அழைத்து, இளைய வகுப்பினருக்குத் தொலைநோக்கி காட்டும் வேலையைக் கொடுக்கலாம்.

ஒன்றை மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறு குழுவாகப் போங்கள் என்றால், முதல் மதிப்பெண் பெறும் முப்பது பேரை மட்டும் தேர்ந்தெடுப்பது என்று சில பள்ளிகள் பொருள் கொள்கின்றன. அது அநியாயம். மூன்று குழுக்களாகப் பிரித்து மூன்று மாதங்களில் அழைத்துச் செல்லுங்கள். அரைநிலவு எல்லா மாதமும் வருகிறது. கட்டணம் கட்ட முடியாதவரும் படிக்கட்டில் ஏற முடியாதவரும் விடுபடக் கூடாது. தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, கீழ்த்தளத் திரையில் அந்தக் காட்சியை அப்போதே காட்டுவது இன்று எளிது. பார்வையற்ற மாணவர் விரலால் தடவி அறியும் நிலவு உருண்டைகளையும் செய்ய முடியும்.

மையங்களை நடத்துவோருக்கு என் கோரிக்கை மேகத்தைப் பற்றியது. பள்ளிகள் மாலைப் பதிவுக்குத் தயங்குவதற்கு முதல் காரணம், வானம் மூடிவிட்டால் பணமும் நாளும் வீணாகிவிடும் என்ற பயம். மூடிய வானத்திலும் செய்ய வேலை இருக்கிறது. சோடியம், நியான், ஹீலியம் விளக்குகளை ஏற்றிவைத்து, ஒளியைப் பிரிக்கும் கீற்றணித் தகட்டின் வழியே ஒவ்வொன்றின் நிறக்கோடுகளையும் பார்க்கச் செய்யலாம். ஹீலியம் என்ற தனிமத்தின் கோடு 1868-இல் சூரிய ஒளியில்தான் முதலில் தெரிந்தது, பூமியில் அது பிரித்தெடுக்கப்பட்டது 1895-இல் என்பதைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. அதோடு, மேகத்தால் தொலைநோக்கியில் பார்க்க முடியாமல் திரும்பிய குழுவுக்கு, அடுத்த மாத வளர்பிறையில் கட்டணமின்றி இன்னொரு மாலையை ஒதுக்கித் தருவோம் என்று பதிவுப் படிவத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை