கள்ளிமந்தையம் ரோட்டில் நின்ற லாரிக்கார அண்ணனுக்கு

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடோடு போன எங்கள் பிக்கப், கள்ளிமந்தையம் தாண்டியதும் கொதித்து நின்றுவிட்டது. பானட்டைத் திறந்தால் ஒரே ஆவி. பின்னால் வந்த லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிய அண்ணன் முதலில் சொன்னது, "ரேடியேட்டர் மூடியில கை வைக்காத தம்பி, மூஞ்சியில அடிச்சிரும்." இன்ஜின் ஆறுகிறவரை கூடவே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் லோடு இருந்தது.

இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சூடான தண்ணீர் போகிற ரப்பர் குழாய், அதாவது மேல் ஹோஸ், கிளிப் கடிக்கிற இடத்தில் வெடித்திருந்தது. டேப் சுற்றலாமா என்றேன். "சூட்டுக்கும் பிரஷருக்கும் நிக்காது." வெடித்த நுனியை மட்டும் பிளேடால் நறுக்கினார்; நல்லவேளை, மிச்ச நீளம் எட்டியது. ரேடியேட்டர் வாயில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை உப்புத்தாளால் தேய்த்து, ஹோஸை ஏற்றி, கிளிப்பை முறுக்கினார். தன் கேன் தண்ணீரை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி அடங்கிய பிறகுதான் மூடியைப் போட்டார்.

"இது மார்க்கெட் வரைக்கும்தான். புது ஹோஸ் மாட்டி கூலன்ட் ஊத்திரு." மாட்டியாச்சு அண்ணே.

பணம் வாங்கவில்லை, வற்புறுத்தியதில் கொஞ்சம் தக்காளி எடுத்துக்கொண்டார். பேர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டார். இதைப் பார்த்தால், ரொம்ப நன்றி அண்ணே. ஏலத்துக்கு முன்னாடியே லோடு போய்ச் சேர்ந்துவிட்டது.