இரண்டாம் வாரம் போகலாம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நீ எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று தெரியும். ஆகட்டும். போனில் நீ ஐந்து நிமிடம்கூட நிற்பதில்லை. அப்புறம், இதை அந்த வீட்டில் உன்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது. வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

வான்கோழி வேட்டைக்குத் தனியாகப் போகிறேன், பொதுக்காடுதான், இடம் பிறகு பார்த்துக்கொள்வேன் என்று போன ஞாயிறு சொன்னாய். அம்மாவிடம் சொன்னேன். "போய்ட்டு வரட்டும், மனசுக்குக் காத்தாட இருக்கும்" என்றாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. தீபாவளிக்குத் தனியாக வந்தாய். போகும்போது பதினான்கு வருஷமாகத் தொடாத துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனாய். நானும் வண்டி வரைக்கும் தூக்கி வந்து கொடுத்தேன். அன்றே கேட்டிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மிசௌரியில் சீசன் ஏப்ரல் 21-க்குப் பக்கத்தில் வரும் திங்கட்கிழமை தொடங்கி மூன்று வாரம். முதல் வாரம் போகாதே. செயின்ட் லூயிஸில் இருக்கிற பாதிப் பேர் அன்றைக்குத்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். முதல் வாரத்தில் சேவல்களைச் சுற்றிப் பெட்டைகள் இருக்கும். நீ என்ன கத்தினாலும் அது திரும்பிப் பார்க்காது. இரண்டாம் வாரத்தில் பெட்டைகள் ஒவ்வொன்றாக முட்டையிடப் போய்விடும். காலை பத்து மணிக்கு மேல் சேவல் தனியாகச் சுற்றும், கூப்பிட்டால் வரும். ஆனால் பொதுக்காட்டில் மதியம் ஒரு மணிக்கு முடித்துவிட வேண்டும், மறக்காதே. தனியார் நிலத்தில் இப்போது சூரியன் மறையும் வரை விடுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு நீ காட்டில் உட்கார்ந்திருக்கப் போகிறாய்.

இடம் நான் பார்த்துவிட்டேன். லெவன் பாயிண்ட் ஆற்றுப் பக்கம், ஐரிஷ் வில்டர்னஸ். மார்க் ட்வைன் தேசியக் காட்டில் பதினைந்து லட்சம் ஏக்கர் இருக்கிறது. நம் ஊர் ரோலாவைச் சுற்றியே கிடக்கிறது. ஆனால் கார் போகிற இடமெல்லாம் ஆட்கள் இருப்பார்கள். அதற்குள் இருக்கும் இந்த ஐரிஷ் வில்டர்னஸ் பதினாறாயிரம் ஏக்கருக்கு மேல், உள்ளே வண்டிக்கு அனுமதி இல்லை. கேம்ப் ஃபைவ் குளத்தருகே வண்டியை விட்டுவிட்டு ஒரு மைல் நடந்தால் போதும், முக்கால்வாசிப் பேர் பின்னால் நின்றுவிடுவார்கள். முந்தின நாள் சாயங்காலமே போய்க் காது கொடுக்க வேண்டும். ஆந்தை மாதிரி ஒரு சத்தம் கொடுத்தால், மரத்தில் அடைந்திருக்கும் சேவல் தாங்காமல் பதில் சொல்லும். அந்த மரத்துக்கு ரொம்பக் கிட்டே போகாமல், விடியுமுன் போய் உட்கார வேண்டும்.

உட்காரும் மரம் உன் தோளைவிட அகலமாக இருக்க வேண்டும். முதுகை அதில் ஒட்டி உட்கார். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடம்பில் எங்கேயும் வேண்டாம். சேவலின் தலையில் இருப்பது அந்த மூன்று நிறமும்தான்.

நம் பழைய பக்கத்து வீட்டுப் பெரியவரை நினைத்துக்கொண்டேன். அவர் சிறுவயதில் இந்தக் காட்டில் வான்கோழியையே பார்த்ததில்லை என்பார், ஞாபகம் இருக்கிறதா? 1952-ல் மிசௌரி முழுவதும் சேர்த்து 2,500-கூட இல்லை. 1954-லிருந்து பெக் ராஞ்ச் என்கிற காட்டில் வலை போட்டுப் பிடித்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் விட்டார்கள். 1960-ல்தான் மறுபடி வேட்டைக்கு அனுமதி கிடைத்தது. பிடித்துக் கொண்டுபோய் விட்ட பறவை அந்த இடத்தில் தங்குமா தங்காதா என்று அவருக்கு அப்போது பெரிய சந்தேகம். தங்கிவிட்டது. என்னைப் பார்த்தும் ஒருமுறை அப்படித்தான் சொன்னார், கேலியாக. இப்போது மறுபடி குறைந்துவிட்டது. இரண்டு வருஷமாக விடியற்காலையில் கொல்லைப் பக்கம் ஒரு சத்தம்கூட இல்லை.

நீ பதினோரு வயதில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் ஒரு தப்பும் இல்லாமல் எழுதினாயே, அந்த ஆரஞ்சு அட்டையை அம்மா இன்னும் வைத்திருக்கிறாள். உன்னிடம் இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். சேவலின் நெஞ்சில் தொங்கும் தாடியைக் கண்ணால் பார்க்காமல் விசையில் விரல் வைக்காதே. நாற்பது கெஜத்துக்கு மேல் சுடாதே. வேறு ஆள் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதே, வாயைத் திறந்து பேசு. பறவை போனால் போகட்டும். சுட்ட பறவையைத் தூக்கி வரும்போது ஆரஞ்சுத் துணியில் சுற்றிக்கொண்டு வா. பெட்டை சத்தம் கேட்டால் அது பெட்டை என்று நினைக்காதே, யாரோ ஒரு மனிதன் பெட்டைக் குரல் எழுப்பும் மரப்பெட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பான். சிவப்பு வேண்டாம். உள்சட்டையில்கூட வேண்டாம். காலுறையில்கூட.

உண்ணிக்குத் துணியில் மருந்து அடித்துவிடு. தங்கச்சியின் மாமனாருக்கு உண்ணி கடித்து ஆட்டுக்கறியே ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. கோழியும் வான்கோழியும் சாப்பிடுகிறார், பாவம். போன முறை வந்தபோது அம்மா வான்கோழிக் காலைக் குக்கரில் ஆறு விசில் விட்டு மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தாள். நெஞ்சுக்கறியை எல்லோரும் தின்பார்கள், அந்தக் காலைச் சமைக்கத் தெரிந்தவள் இந்த ஊரிலேயே உன் அம்மா ஒருத்திதான்.

எழுத வந்தது இதில்லை. சிவப்பு வேண்டாம் என்று திரும்பத் திரும்ப எழுதிவிட்டேன், நீ கவனித்திருப்பாய்.

2012-ல் நாம் இரண்டு பேரும் அங்கேதான் போனோம். உன்னை அந்தப் பெரிய வெள்ளை ஓக் மரத்தடியில் உட்காரவைத்து, அரை மணிக்கு ஒருமுறை பெட்டியைத் தேய் என்று சொல்லிவிட்டு, நான் மேட்டுக்கு அந்தப் பக்கம் போனேன். திரும்பும்போது வண்டியில் நான் கத்தியது உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். மரத்தை விட்டு ஏன் நகர்ந்தாய், சொன்ன இடத்தில் இருக்கத் தெரியாதா, உன்னால்தான் சேவல் போய்விட்டது, உனக்கெல்லாம் துப்பாக்கி எதற்கு என்று. ஆல்டனிலிருந்து ரோலா வரை இரண்டு மணி நேரம். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷம் பரீட்சை என்றாய். அதற்கடுத்த வருஷம் நானே கூப்பிடவில்லை, முழங்கால் வலி என்றேன்.

நீ நகரவே இல்லையடா. நான்தான் ஒரு சேவல் சத்தத்தின் பின்னாலேயே போய்விட்டேன். போகக் கூடாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். திசை தப்பிச் சுற்றி வந்திருக்கிறேன். பெட்டை கூப்பிடுகிற சத்தம் கேட்டது. டாக்வுட் மரப் பூவெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது, அதற்கு நடுவில் சிவப்பாக ஒன்று அசைந்தது. முப்பது அடி எடுத்து வைத்தால் போய்த் தொட்டுவிடலாம். சேஃப்டியை எடுத்துவிட்டேன். விரல் விசையில் இருந்தது. விளிம்பில் இருந்ததா உள்ளே இருந்ததா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன், உள்ளேதான் இருந்தது.

அம்மா டீ ஊற்றிக் கொடுத்த ஃபிளாஸ்கின் மூடி அது. நீ குடித்துவிட்டு மூடியை உதறினாய். அதில் ஒட்டியிருந்த டீத் துளி வெயிலில் பறந்தது. அதைப் பார்த்துத்தான் துப்பாக்கியைத் தாழ்த்தினேன். அவ்வளவுதான் நடந்தது. அந்த டீயில் ஒரு வாய் நீ மிச்சம் வைத்திருந்தால் என்று நான் யோசிப்பதில்லை, யோசிக்க ஆரம்பித்தால் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது.

என் நடுக்கம் உனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று உன்மேல் கத்தினேன். ஃபிளாஸ்க் காட்டில் தொலைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். ஆல்டனில் பெட்ரோல் போட நின்றபோது குப்பைத் தொட்டியில் போட்டது நான்தான். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஆகஸ்டில் நானும் போய் அந்த வகுப்பில் உட்கார்ந்தேன். 1967-க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு அது கட்டாயமே இல்லை, சொல்லிக் கொடுத்தவர் இரண்டு முறை எடுத்துச் சொன்னார். பையன்களோடு பையனாக உட்கார்ந்துவிட்டு வந்தேன். உன் அம்மாவிடம் லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

நீ தப்பு செய்தவன் மாதிரி இத்தனை வருஷம் அந்தப் பக்கமே வராமல் இருந்தாய். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது கேள். துப்பாக்கியை இந்த வாரக் கடைசியிலேயே இங்கே கொண்டுவா. நாலாம் நம்பர் ரவைத் தோட்டா இரண்டு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். அட்டையில் சுட்டுப் பார்த்து, எத்தனை கெஜத்துக்குக் கூட்டமாக விழுகிறது என்று சரிபார்க்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அதுவரை அது என் அலமாரியிலேயே இருக்கட்டும். உன் வீட்டில் வேண்டாம். தயவுசெய்து இதில் மட்டும் என்னோடு வாதம் பண்ணாதே.

நான் துப்பாக்கி எடுக்கப் போவதில்லை. உன் பின்னால், அதே மரத்தில் முதுகை வைத்து உட்கார்ந்து பெட்டியைத் தேய்க்கிறேன். பேச வேண்டாம், வேட்டையில் யாரும் பேசக் கூடாது, உனக்கு அது வசதிதான். பறவை கிடைத்தால் அன்றிரவு பத்து மணிக்குள் பதிவு செய்ய வேண்டும், பள்ளத்தில் சிக்னல் வராது, மேட்டுக்கு ஏறிவர வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கிடைக்காவிட்டாலும் ஒன்றுமில்லை.

கூடாரம் நாலு பேர் படுக்கிறது. நீ மட்டுமா, அவளும் வருகிறாளா, பாப்பாவையும் கூட்டி வருகிறீர்களா, எதுவானாலும் சரி. ஒரு வரி எழுதிவிடு, அரிசி அளந்து எடுத்துவைக்க வேண்டும்.

அப்பா