அந்த ஓரத்து இடத்தைக் கொடுங்கள்: ஓர் இசைப் பள்ளிக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும் கிடார் மாஸ்டர்களுக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் நடந்தது உங்களுக்கே தெரியும். முதலிலிருந்து கதை சொல்லப் போவதில்லை. பள்ளியின் பெயரையும் எழுதவில்லை. படித்தால் உங்களுக்குப் புரியும், அது போதும்.

மேடையில் 14 பிள்ளைகள், இரண்டு வரிசை. 13 கிடாரின் கழுத்து ஒரு பக்கம், இடக்கைக்காரியான என் மகளுடையது மட்டும் எதிர்ப்பக்கம். "வீடியோவுல பார்க்க நல்லா இருக்காதும்மா" என்று சொல்லி, அவள் கையிலிருந்த கிடாரை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஒரு ஷேக்கரைக் கொடுத்தீர்கள். முட்டை வடிவத்தில், ஆட்டினால் சலசலக்கும் ஒரு பிளாஸ்டிக் ஷேக்கர். பாட்டு முடியும் வரை அதை ஆட்டிக்கொண்டு நின்றாள். அதையும் இடக்கையால்தான் ஆட்டினாள். அதற்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பாண்டியிலிருந்து கடலூர் திரும்பும் பஸ்ஸில், கன்னியக்கோயில் தாண்டும் வரை அவள் வாய் திறக்கவில்லை. அப்புறம் கேட்டாள்: "அப்பா, நான் மறுபடியும் வலது கைக்கே மாறிடட்டுமா?" நான் பதில் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாறிப் பார்க்காமல் இல்லை. முதல் ஆறு மாதம் அவள் வலக்கை கிடாரில்தான் கற்றாள். "பழகினா வந்துடும் சார்" என்றீர்கள், நானும் நம்பினேன். இடக்கையால் கம்பிகளை அழுத்திக் கார்ட் பிடிப்பதில் குறையில்லை. வலக்கையால் கம்பிகளைத் தட்டும் ஸ்ட்ரம்மிங்தான் வரவே இல்லை. ஒவ்வொரு நாலாவது அடியிலும் வலக்கை தடுமாறி நிற்கும். அதே பிள்ளை சாப்பிட்டு முடித்த எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் போட்டு இடக்கையால் தட்டினால் ஓர் அடி பிசகாது. வீட்டில் அவள் அம்மா கத்தும் வரை தட்டுவாள்.

"விரல் நுணுக்கமெல்லாம் இடது கையில்தானே, இடக்கைக்காரங்களுக்கு அது லாபம்தானே" என்று ஒரு மாஸ்டர் சொன்னார். யோசித்துப் பார்த்தேன். அது அவ்வளவு லாபம் என்றால், வலக்கைக்காரர்கள் ஏன் கழுத்திலுள்ள ஃபிரெட் கட்டங்களில் கம்பியை அழுத்தும் வேலையைத் தங்கள் வலக்கைக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை? தாளம் எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கைதான் கம்பியைத் தட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இடக்கைக்காரராக இருந்தும் வலக்கை கிடாரே வாசித்த பெரிய கலைஞர்கள் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மார்க் நாஃப்ளர் அப்படித்தான், கேரி மூரும் அப்படித்தான். அவர்களுக்கு ஒத்துவந்தது, வாசித்தார்கள். இவளுக்கு ஒத்துவரவில்லை.

சரி, இடக்கைக்கு மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் உண்மையான கூத்து. கடலூரிலும் பாண்டியிலும் நான் ஏறி இறங்கிய கடை எதிலும் இடக்கை கிடார் ஒன்றுகூடத் தொங்கவில்லை. ஆர்டர் போட்டால் வருமாம், முழுப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டுமாம், பிடிக்காவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். மற்ற பிள்ளைகள் நாலைந்தை மடியில் வைத்துப் பார்த்து வாங்கலாம். என் மகள் போட்டோவைப் பார்த்து வாங்க வேண்டும்.

அதனால் இருந்த கிடாரிலேயே கம்பிகளை வரிசை மாற்றிப் போட்டோம். இடக்கை கிடார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸே அப்படித்தான் செய்தார் என்று கடைக்காரத் தம்பி உற்சாகமாகச் சொன்னார். உண்மைதான். ஆனால் ஹெண்ட்ரிக்ஸ் திருப்பிப் பிடித்த ஸ்ட்ராடோகாஸ்டர் எலக்ட்ரிக் கிடாரில் ஒவ்வொரு கம்பிக்கும் அடிமுனையில் அதைத் தாங்கும் தனித்தனி சேடில், ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்யலாம். எங்களுடையது சாதாரண அக்கூஸ்டிக். கழுத்து நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் தடித்த ஆறாவது கம்பிக்கு வெட்டியிருந்த அகலப் பள்ளத்தில் மெல்லிய முதல் கம்பி போய் உட்கார்ந்துகொண்டு ஜ்ஜ்ஜ் என்று இரைந்தது. ஆறாவது கம்பியோ முதல் கம்பியின் பள்ளத்தில் இறங்க மாட்டேன் என்று மேலேயே நின்றது. நட்டை மாற்றினோம். அடுத்தது சேடில். தடித்த கம்பிக்கு நீளம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்பதால் அதைச் சாய்வாக வைத்திருப்பார்கள். கம்பி இடம் மாறியதும் அந்தச் சாய்வு நேர் எதிராக வேலை செய்தது. வெறும் கம்பியைத் தட்டினால் சுருதி சுத்தம், 12ஆவது ஃபிரெட்டில் பிடித்தால் அபசுரம். வயதான ஒரு ரிப்பேர்காரர் சேடிலின் பழைய பள்ளத்தை அடைத்து, எதிர்ச் சாய்வில் புதிதாக வெட்டிக் கொடுத்தார். மரத்தில் கீறல் விழாமல் காக்கும் பிக்கார்டு மட்டும் இன்னமும் மேல்பக்கம் அலங்காரத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழ்ப்பக்கத்து மரத்தில் அவள் கம்பியைத் தட்டும் பிக் கீறிய கோடுகள் கிடக்கின்றன.

இரண்டே வாரத்தில் ஸ்ட்ரம்மிங் வந்துவிட்டது. நீங்கள் சுவரோரம் சாய்த்து வைத்தது அந்த கிடாரைத்தான்.

மேடையில் இடிக்கும் என்ற கவலை நியாயமானதே. பக்கத்துப் பிள்ளையின் கிடாரில் இவளுடையது முட்டத்தான் செய்யும், நடுவில் நிறுத்தினால். அவளுடைய வலப்பக்கம் யாரும் இல்லாத ஓரத்தில் நிறுத்திப் பாருங்கள். இவள் கழுத்து வெளிப்பக்கம் போகும், அடுத்த பிள்ளையின் கழுத்து அந்தப் பக்கம் போகும், நடுவில் ஒரு சாண் இடம்கூட மிச்சமாகும். பீட்டில்ஸ் இசைக்குழுவில் மேக்கார்ட்னி இடக்கை, ஹாரிசன் வலக்கை. ஒரே மைக்கில் முகத்தோடு முகம் நெருங்கி நின்று பாடினார்கள், கிடார் முட்டவில்லை. வீடியோவிலும் நன்றாகத்தான் இருக்கிறது.

நம் ஊருக்கு இது புதுச் சண்டையும் இல்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை மிருதங்கக்காரர். மிருதங்கத்தின் முக்கிய முகமான வலந்தலை சபையைப் பார்த்திருக்க வேண்டுமானால் அவரும் வயலின்காரரும் இடம் மாறி உட்கார வேண்டும். அதற்குச் சில வயலின்காரர்கள் சம்மதிக்கவில்லை. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவர் பக்கம் நின்றார். உங்களிடம் நான் யாரையும் மாற்றி உட்காரச் சொல்லவில்லை. ஓர் ஓரத்தைக் கேட்கிறேன்.

எனக்கும் இடக்கைதான். இரண்டாம் வகுப்பில் அடிஸ்கேலால் முட்டியில் தட்டியே மாற்றினார்கள். மாறிவிட்டேன், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இரண்டு முறை செக் திரும்பி வந்தது, அவ்வளவுதான். நம் பேச்சிலேயே இடக்கு என்றால் வம்பு. வலக்கைக்குச் சோத்தாங்கை என்று பெயர் வைத்தவர்கள் இடக்கைக்கு வைத்த பெயரை மரியாதை கருதி இங்கே எழுதவில்லை. கடையில் இடக்கையால் காசு நீட்டினால் முகம் சுளிப்பார்கள். கல்லூரி நாற்காலியில் எழுதும் பலகை வலப்பக்கம்தான். ஆனால் ஓட்டுப் போடப் போனால் மட்டும் மை வைக்க இடக்கை ஆட்காட்டி விரலைத்தான் நீட்டச் சொல்வார்கள். அன்றைக்கு ஒரு நாள் அந்தக் கைக்குத் தீட்டு கிடையாது.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். நீங்கள் கெட்டவர்கள் இல்லை. லீவு போட்டால் போன் செய்து விசாரிக்கிறீர்கள், ஃபீஸ் தாமதமானால்கூட முகம் சுளித்ததில்லை. பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் 14 பேரில் ஒருத்தி இருக்கிறாள். கணக்கில் ஒன்றும் பிழையில்லை.

ஆகவே தயவுசெய்து அவளை இடக்கையாலேயே வாசிக்க விடுங்கள். வகுப்பில் வரிசையாக மாட்டி வைத்திருக்கும் கிடார்களில் அடுத்த முறை ஒன்றையாவது இடக்கை கிடாராக வாங்குங்கள், அவளுக்குப் பிறகு வருகிற பிள்ளை என்னைப் போல ஓர் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக அலைய வேண்டாம். தனியாக எதுவும் சொல்லித்தரத் தேவையில்லை. மாஸ்டருக்கு எதிரே உட்கார்ந்தால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அவள் பார்த்துக்கொள்வாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கமான பஸ்ஸில் வருகிறோம். கிடாரும் வரும். ஷேக்கரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், பத்திரமாக இருக்கிறது. எந்த வரிசையின் ஓரத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் சனிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் அப்பா,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்